டிக் கோளாறு: மாத்திரைக்கு முன் இருக்கும் வழி

கண்ணை வெட்டி வெட்டிச் சிமிட்டும் பிள்ளையை முதலில் கண் மருத்துவரிடம்தான் அழைத்துப் போகிறோம். மூக்கை ஓயாமல் உறிஞ்சினால் ஒவ்வாமைக்கு மருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தால் இருமல் மருந்து. கழுத்தைச் சொடுக்கினாலோ தோளைக் குலுக்கினாலோ, "என்ன சேட்டை இது, சும்மா இருக்க மாட்டியா?" என்ற அதட்டல். பாட்டி சுற்றிப்போடுவார். தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைக்கப்படும். மாதங்கள் போன பிறகு யாரோ ஒரு மருத்துவர், "இது டிக்" என்று பெயர் சொல்கிறார். அப்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மருந்தில்லாமல் இதைச் சமாளிக்க முடியுமா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு முடியும். கடந்த ஐம்பது ஆண்டுகளின் ஆய்வுகள் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லியிருந்தும் பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் காதுக்கு அது எளிதில் வந்து சேர்வதில்லை. "மருந்தில்லாச் சிகிச்சை" என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது மூலிகை, சத்து மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, தாயத்து, அல்லது "வளர்ந்தால் போய்விடும்" என்ற காத்திருப்பு. இந்தக் கட்டுரை முதன்மையாகப் பேச விரும்புவது பயிற்சியைப் பற்றி. பிள்ளையும் பெற்றோரும் ஒரு பயிற்றுநரும் சேர்ந்து வாரக்கணக்கில் செய்யும் உழைப்பு அது.

முதலில் நோயின் இயல்பு. டிக் என்பது சட்டென்று, தாளக்கட்டு எதுவுமில்லாமல், திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. வழக்கமாக 4 முதல் 6 வயதுக்குள் தலைகாட்டும், 10 முதல் 12 வயதில் உச்சத்தை எட்டும், பதின்பருவத்தின் இறுதியில் பெரும்பாலோருக்கு வெகுவாகத் தணியும். பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட ஏதோ ஒரு காலத்தில் டிக் வந்துபோகலாம் என்று சில கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. பல வகை அசைவுகளும் குறைந்தது ஓர் ஒலியும் சேர்ந்து ஓராண்டைத் தாண்டி நீடித்தால் டூரெட் நோய்க்குறித் தொகுதி என்கிறார்கள். அது நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவது என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டன. உண்மையில் அப்படி வருவது பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக, அவ்வளவுதான்.

இரண்டு இயல்புகளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அவற்றின்மேல் நிற்கின்றன. ஒன்று, டிக் வருவதற்குச் சற்றுமுன் அந்த இடத்தில் ஓர் உந்தல் எழுகிறது. அரிப்பு போல, இறுக்கம் போல, தும்மலுக்கு முந்தைய கணம் போல என்று பிள்ளைகள் விவரிக்கிறார்கள். அசைவைச் செய்ததும் அந்த உந்தல் கொஞ்சம் அடங்குகிறது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இது புலப்படாது. பத்து வயதை ஒட்டிப் பலருக்கும் சொல்லத் தெரிகிறது. இரண்டு, டிக் ஏறி இறங்கும். சில வாரம் கடுமையாக இருக்கும், பிறகு தானாகவே குறையும், வேறு உருவில் திரும்பி வரும். பெற்றோர் உதவி தேடி ஓடுவது ஏற்றத்தின் உச்சியில்தான். அடுத்த கட்டம் எப்படியும் இறக்கம். ஆகவே அந்த வாரம் என்ன செய்திருந்தாலும், கண் சொட்டு மருந்தோ பூச்சி மாத்திரையோ மந்திரித்த கயிறோ, பலன் அதன் கணக்கில் சேர்ந்துவிடும். ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த வெற்றிக் கதையையும் இந்த நோயில் நம்ப முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

நாம் வாழும் இந்த மண்ணுக்கும் இந்த நோயின் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றமாக இருந்த காலம். எச்.ஏ. ஓபிரயன் என்பவர் 1883இல் ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் லாத்தா பற்றி எழுதினார். திடுக்கிட்டால் தன்வசமிழந்து எதிரே இருப்பவர் செய்வதையெல்லாம் செய்து, சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லும் மலாய்க்காரர்களைப் பற்றிய கட்டுரை அது. பாரிஸில் அதைப் படித்தவர் ழில் த லா டூரெட் என்ற இளம் மருத்துவர். மலாயாவின் லாத்தாவையும், அமெரிக்காவின் மெய்ன் மாநில மரவெட்டிகளிடம் கண்ட துள்ளலையும், சைபீரியாவில் பதிவான இன்னொன்றையும் ஒரே நோயாகக் கருதி 1884இல் எழுதினார். மறு ஆண்டு ஒன்பது நோயாளிகளின் விவரத்துடன் அவர் வெளியிட்ட கட்டுரைதான் அவர் பெயரையே நோய்க்கு வைக்கக் காரணமானது.

லாத்தா வேறு, டிக் வேறு என்பது பின்னர் தெளிவாயிற்று. லாத்தா பெரும்பாலும் நடுவயதுப் பெண்களிடம், யாராவது திடுக்கிட வைத்தால் வருவது. டிக் பிள்ளைப் பருவத்தில், யாரும் தூண்டாமலே வருவது. ஆனாலும் லாத்தாவில் ஒரு பாடம் இருக்கிறது. வேடிக்கைக்காகச் சுற்றியிருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சீண்டுவதால் அது வளர்கிறது என்பதை லாத்தாவைக் கவனித்தவர்கள் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்கள். டிக்கை யாரும் உண்டாக்குவதில்லை. ஆனால் சுற்றியிருப்பவர்களால் அதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். டூரெட் உள்ள இரண்டு சிறுவர்களிடம் அவர்களுடைய டிக்கைப் பற்றியே பேசினால் தொண்டை ஒலிகள் கூடுவதையும், வேறு பேச்சுக்கு மாறினால் குறைவதையும் அமெரிக்காவில் டக்ளஸ் உட்ஸ் குழுவினர் 2001இல் பதிவு செய்தார்கள். நம் வீடுகளில் விருந்தாளி வந்ததும், "பாருங்க, இப்படித்தான் கண்ணை வெட்டிக்கிட்டே இருக்கான்" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்துக்கே விலை உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உளப்பகுப்பாய்வாளர்கள் டிக்கை அடக்கிவைத்த கோபம் என்றார்கள், தாயின் வளர்ப்பில் குற்றம் கண்டார்கள். ஹாலோபெரிடால் என்ற மருந்து வேலை செய்வதை ஆர்தர் ஷாபிரோவும் எலெய்ன் ஷாபிரோவும் 1960களில் காட்டியபோதுதான், இது மூளை சார்ந்த நோய் என்ற பார்வை வென்றது. பெற்றோர் தலையிலிருந்து பெரிய பழி இறங்கியது. அந்த வெற்றிக்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. மூளை நோய் என்றால் மருந்துதானே தீர்வு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. நடத்தைப் பயிற்சி என்று யாராவது பேசினால், "அப்படியானால் பிள்ளை வேண்டுமென்றே செய்கிறதா?" என்று பெற்றோரும் மருத்துவரும் ஒருசேர அஞ்சினார்கள். அந்த அச்சம் தவறானது. பக்கவாதம் வந்தவர் கையை மீண்டும் அசைக்கப் பயிற்சி எடுத்தால் அவருடைய வாதம் நடிப்பு என்று யாரும் சொல்வதில்லையே. ஆனாலும் இந்த அச்சத்தால், 1973இல் கண்டறிந்த ஒரு முறை பெரிய சோதனைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நேதன் அஸ்ரின், ராபர்ட் நன் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆண்டு பன்னிரண்டு பேரிடம் சோதித்து வெளியிட்ட முறைக்குப் பழக்க மாற்றுப் பயிற்சி என்று பெயர். இன்று அதை விரிவாக்கி, டிக்குக்கான முழுமையான நடத்தைச் சிகிச்சை என்ற பெயரில் செய்கிறார்கள். சிபிட் என்பது அதன் சுருக்கப் பெயர். அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெயர் மட்டும் தெரிந்து உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலர் இதை வெறும் ஆறுதல் பேச்சு என்று எண்ணுகிறார்கள்.

முதலில் பிள்ளையின் டிக்குகளையெல்லாம் பட்டியலிட்டு, எது அதிகம் தொந்தரவு தருகிறது என்று பிள்ளையையே வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டியது, தொந்தரவு பிள்ளைக்கு. அம்மாவுக்குத் தாங்க முடியாத செருமல் பிள்ளைக்குப் பொருட்டே இல்லாமல் இருக்கலாம். பிறகு ஒரு சமயத்தில் ஒரே ஒரு டிக்கை எடுத்துக்கொள்வார்கள். அது எங்கே தொடங்குகிறது, எந்தத் தசை முதலில் இறுகுகிறது, அதற்குமுன் என்ன உணர்வு என்று பிள்ளை தன் சொற்களில் விவரிக்கப் பழகும். டிக் வரும் ஒவ்வொரு முறையும் விரலை உயர்த்தும். கொஞ்ச நாளில், வருவதற்கு முன்பே உயர்த்தும். அந்த முன்னறிவிப்புக் கணம் கைக்கு வந்ததும் எதிர் அசைவு கற்பிக்கப்படும். கழுத்துச் சொடுக்குக்கு, முகவாயைச் சற்றே தாழ்த்திக் கழுத்துத் தசையை மெல்ல இறுக்கி வைத்திருத்தல். தோள் குலுக்கலுக்கு, முழங்கையை விலாவோடு சேர்த்துக் கீழ்நோக்கி அழுத்துதல். தொண்டை ஒலிக்கு, மெதுவாக மூக்கால் இழுத்து விடும் சீரான மூச்சு. கண் சிமிட்டலுக்கு, பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி வேண்டுமென்றே நிதானமாக இமைத்தல். இப்படி ஒரு நிமிடம், அல்லது உந்தல் தணியும்வரை. எதிர் அசைவு டிக்கைவிடக் கண்ணுக்குத் தெரியாததாக, வகுப்பில் எழுதிக்கொண்டே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அசைவைச் செய்யாமலே உந்தல் தானாகத் தணிகிறது என்பதை உடம்பு மெல்லக் கற்றுக்கொள்கிறது.

மறுபாதி வேலை வீட்டாருடையது. டிக் எப்போது கூடுகிறது, கூடும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று பயிற்றுநர் துருவிக் கேட்பார். வீட்டுப்பாட நேரத்தில் செருமல் கூடினால், "போதும் விடு, நாளைக்குச் செய்" என்கிறோமா? சாப்பாட்டு மேசையில் அண்ணன் அதைப் போலவே செய்து காட்டுகிறானா? அப்பா முறைக்கிறாரா? அம்மா கண்கலங்குகிறாரா? கனிவும் கடுமையும் இரண்டுமே டிக்குக்குத் தனிக் கவனம் தருகின்றன. டிக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டு, எதிர் அசைவு செய்ததைக் கண்டு பாராட்டுவதுதான் பெற்றோரின் பங்கு. டியூஷன் முடிந்து களைத்து வருகையில் கூடுகிறது என்றால், முதலில் அரை மணி ஓய்வு. இதில் பரிதாபத்துக்கும் இடமில்லை, தண்டனைக்கும் இடமில்லை.

சான்று என்ன சொல்கிறது? ஜான் பியசென்டினி தலைமையில் அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரை 126 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வெளியானது. ஒரு பாதிக்கு 10 வாரங்களில் எட்டு சிபிட் அமர்வுகள். மறு பாதிக்கு அதே அளவு நேரம் நோய் விளக்கமும் ஆறுதல் பேச்சும். யார் எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள், முதல் குழுவில் 52.5 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 18.5 விழுக்காட்டினரும் தெளிவாக முன்னேறியதாகக் கண்டார்கள். முன்னேறியவர்களில் ஆறு மாதம் கழித்துப் பார்க்க முடிந்தோரில் 87 விழுக்காட்டினர் அந்த நிலையைத் தக்கவைத்திருந்தனர். சிபிட் குழுவின் சராசரி டிக் மதிப்பெண் 50க்கு 24.7இலிருந்து 17.1க்கு இறங்கியது. டிக் அற்றுப்போகவில்லை, தாங்கக்கூடியதாகக் குறைந்தது. முழுமையாக நிற்கும் என்று யாராவது வாக்களித்தால் அவரை விட்டு விலகுங்கள்.

நெதர்லாந்தில் வளர்ந்த இன்னொரு முறையும் உண்டு. அதில் எதிர் அசைவு கிடையாது. உந்தல் வரட்டும், எல்லா டிக்கையும் ஒருசேர எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடிகிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. காரா வெர்டெல்லன் குழுவினர் 2004இல் 43 பேரிடம் ஒப்பிட்டதில் இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. "அடக்கிவைத்தால் பிறகு இரட்டிப்பாக வெடிக்கும்" என்ற பரவலான நம்பிக்கையையும் வேறு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பரிசு கொடுத்துச் சற்று நேரம் அடக்கச் சொன்ன பிள்ளைகளிடம் அப்படியொரு எதிர்வெடிப்பு காணப்படவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கூடுவதற்குக் களைப்பும், வீடு தரும் தளர்வும் போதிய காரணங்கள். இதை வைத்து, "அடக்கு, அடக்கு" என்று பிள்ளையை நச்சரிக்கலாம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சி என்பது பிள்ளை விரும்பி ஏற்பது. கட்டளையால் கூடுவது பதற்றம்தான்.

2019இல் அமெரிக்க நரம்பியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளுக்கு மருந்துகளுக்கு முன்பாக சிபிட்டைப் பரிந்துரைக்கிறது. தொந்தரவு இல்லாத டிக்குக்குச் சிகிச்சையே வேண்டாம், விளக்கிச் சொல்லிக் கவனித்து வந்தால் போதும் என்பதும் அதில் உண்டு. இந்த இரண்டாவது பகுதியைப் பெற்றோர் ஆறுதலோடு படிக்க வேண்டும்.

இனி மற்ற வழிகள். மக்னீசியம், வைட்டமின், கோதுமையைத் தவிர்த்தல், சாயம் கலந்த தின்பண்டங்களை நிறுத்துதல் என்று பல ஆலோசனைகள் உலவுகின்றன. டிக்கைக் குறைப்பதாக உறுதியாகச் சொல்லுமளவுக்கு இவற்றுக்குச் சான்று இல்லை. மீனெண்ணெய்ச் சத்தை 33 பிள்ளைகளிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். டிக் மதிப்பெண்ணில் போலி மாத்திரையை அது மிஞ்சவில்லை. தொண்டைத் தொற்று டிக்கைத் தூண்டுகிறது என்று நம்பி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் உண்டு. ஐரோப்பாவில் 715 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அந்தத் தொற்றுக்கும் டிக் கூடுவதற்கும் தொடர்பு காணவில்லை என்று 2021இல் அறிவித்தது.

சீன மூலிகை மருந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஜார்ஜ்டவுனில் அது எட்டும் தூரத்தில் இருக்கிறது. சீனாவில் 603 பிள்ளைகளிடம் ஒரு மூலிகைக் கூட்டை எட்டு வாரம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். மூலிகையும் ஆங்கில மருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது மூன்றாவது குழு. வெறும் போலி மருந்து சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் முன்னேறியவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். முன்பு சொன்ன ஏற்ற இறக்கத்தின் வலிமை அது. மேலும், மூலிகையும் மருந்துதான். கடையில் வாங்குவதானால் பொட்டலத்தில் எம்ஏஎல் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

தாயத்தும் நேர்த்திக்கடனும் குடும்பத்துக்குத் தெம்பு தருமானால் யாரும் தடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று ஊரறியப் பேசி, அடித்தும் மிரட்டியும் விரட்டப் பார்ப்பது மட்டும் கொடுமை.

மருந்தே வேண்டாம் என்று விரதம் எடுப்பதும் சரியல்ல. கழுத்துச் சொடுக்கால் தீராத வலி, தன்னையே அடித்துக்கொள்ளும் டிக், பள்ளிக்கே போக முடியாத நிலை இருந்தால் மருந்து தேவைப்படலாம். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவை பலன் தருகின்றன. உடல் எடை கூடுவதும் தூக்கக் கலக்கமும் அவற்றின் விலை. குளோனிடின் மென்மையானது, ஆனால் மயக்கம் தரும். டூரெட் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறும் கூடவே இருக்கிறது, பலருக்கு எண்ணச் சுழற்சி நோயும். படிப்பைக் கெடுப்பது டிக்கா, கவனக்குறைவா என்று பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். கவனக்குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட் டிக்கைக் கூட்டிவிடும் என்று பயந்து பலர் அதைக் கொடுப்பதில்லை. 136 பிள்ளைகளிடம் நடந்து 2002இல் வெளியான சோதனை அந்தப் பயத்தை மெய்ப்பிக்கவில்லை. திடீரென்று நடை தடுமாறினால், கையெழுத்து குலைந்தால், காய்ச்சலுக்குப் பின் கைகால் நெளிந்தாடினால், அசைவின்போது நினைவு தப்பினால், அது டிக் அல்லாத வேறொன்றாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் இருக்க, பினாங்கில் எது தடை? பணம் மட்டும் அல்ல. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணரிடம் ஐந்து ரிங்கிட். ரெஃபரல் கடிதம் இருந்தால் ரெசிடென்சி சாலையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி எட்டாத இடமல்ல. தடை, எட்டு அமர்வு உட்கார்ந்து பயிற்சி தர ஆள் இல்லாமை. நாடெங்கும் அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ உளவியலாளர் பணியிடங்கள் மிகக் குறைவு. தனியாரிடம் போனால் ஓர் அமர்வுக்கே நூற்றுக்கணக்கில் ரிங்கிட். மாத்திரைச் சீட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். அதனால்தான் வழிகாட்டிகளில் முதலில் நிற்கும் சிகிச்சை நடைமுறையில் கடைசியாகிறது.

அடுத்தது மொழி. இந்தப் பயிற்சியின் உயிர், உடம்பின் நுண்ணிய உணர்வை வார்த்தையில் பிடிப்பது. தமிழ்ப்பள்ளியில் படித்து வீட்டில் தமிழ் பேசும் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதை ஆங்கிலத்திலோ மலாயிலோ கேட்டால் பாதி தவறிப்போகும். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அத்தனை ஆசிரியர்களும் டிக்கைக் கண்டால் அதட்டாமல், வகுப்பின் முன் பேசாமல், தேவைப்பட்டால் சில நிமிடம் வெளியே போய்வர விட்டால், பயிற்றுநர் வருவதற்கு முன்பே சிகிச்சையின் ஒரு பங்கு நடந்துவிடும்.

ஆள் பற்றாக்குறைக்கு உலகம் கண்ட ஒரு விடையும் இருக்கிறது. இங்கிலாந்தில் 224 பிள்ளைகளுக்கு இணையவழியே, பெற்றோர் துணையோடும் பயிற்றுநரின் குறுஞ்செய்தி வழிகாட்டலோடும் தள்ளிப்போடும் பயிற்சி தரப்பட்டது. 2021இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் டிக் மதிப்பெண் 16 விழுக்காடு குறைந்தது. நோய் விளக்கம் மட்டும் பெற்றவர்களுக்கு 6 விழுக்காடு. நேரடிப் பயிற்சியளவுக்கு இல்லை. ஆனால் நேரம் மிகக் குறைவு, தொலைவு ஒரு பொருட்டே இல்லை. ஸ்வீடனில் 221 பேரிடம் நடந்த இதே வகைச் சோதனையில் சராசரி மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை, தெளிவாக முன்னேறியோர் மட்டும் பயிற்சிக் குழுவில் 47 விழுக்காடு, விளக்கக் குழுவில் 29 விழுக்காடு என்று பிரிந்தார்கள். நோயைப் பற்றிய நல்ல விளக்கமே கொஞ்சம் சிகிச்சையாகிறது என்று நான் இதை வாசிக்கிறேன். அந்த விளக்கத்தையாவது தமிழில் தர நமக்கு எந்த நிபுணர் பற்றாக்குறையும் தடையாக முடியாது.

ஆகவே சில வேண்டுகோள்கள். தமிழிலும் வெளியீடுகள் நடத்தும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் டிக் பற்றி ஒரு சிறு கையேடு போட வேண்டும். 28 பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அதை வீடுதோறும் சேர்க்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் பேசும் உளவியல், செயல்முறைச் சிகிச்சை மாணவர்கள் சிலருக்காவது சிபிட் பயிற்சி கிடைக்க அவை வழிசெய்யலாம். பெற்றோர்களே, கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது "மாத்திரைக்கு முன் சிபிட் பயிற்சிக்கு ரெஃபரல் கொடுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதைப் பிள்ளையின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்டவர்கள் எத்தனை பேர் என்று ஏட்டில் இருந்தால்தான், மேலும் உளவியலாளர் பணியிடங்கள் வேண்டும் என்று மருத்துவமனையால் அமைச்சிடம் கேட்க முடியும்.